பழைய பென்சும் புது மொதலாளியும்

ஏல மருமவனே, பென்ஸ் காரு வாங்கிட்டியாமே. மாமங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணல. மேலகரம் டீக்கடையில ஒருத்தன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவன் எப்பிடிச் சொன்னாங்கிய? “ஒம்ம மருமவன் பென்ஸ் வாங்கிருக்கான்வே, பழசுதான்.” அந்தப் ‘பழசுதான்’ இருக்கு பாத்தியா, அதச் சொல்லும்போது அவன் மொகத்துல இருந்த சந்தோசத்த நான் அவன் மவ கல்யாணத்துல கூடப் பாத்ததில்ல.

சரி, வாங்கிட்ட. முந்தியே கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பேன். அது தெரிஞ்சுதான் நீ கேக்கல. வெவரமான பயதான். இனிமே வேண்டாம்னு சொல்லி என்ன பிரயோசனம்? வச்சுக் காப்பாத்துறதுக்கு வழி சொல்லுதேன், கேளு.

பென்சப் பத்தி இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு மட்டும் நெனச்சிராத. ஒன் வண்டி மூஞ்சில நிக்கி பாரு ஒரு மூணு மொன நட்சத்திரம், அத நீ பொறக்குறதுக்கு ரொம்ப முந்தியே பாத்தவன் நான். டாடாக்காரனும் ஜெர்மனிக்காரனும் கூட்டுச் சேந்து 1954-லருந்து இங்க லாரி செஞ்சான். 1969-ல அந்தக் கூட்டு முடியிற வரைக்கும் லாரி மூஞ்சில டாடா பேரோட பென்ஸ் பேரும் இருந்துது. புளியங்குடியிலருந்து எலுமிச்சங்கா லோடு ஏத்திட்டுப் போற பென்ஸ் லாரியில, மூட்ட மேல மல்லாந்து படுத்துக்கிட்டு நான் போயிருக்கேன். ஏசி கெடையாது, காத்துக்குக் கொறச்சலும் கெடையாது. ஆக, நம்ம குடும்பத்துல பென்ஸ்ல போன மொத ஆளு நாந்தான். நீ ரெண்டாவது. ஒங்கம்மா தெருவுல நின்னு பெருமையடிக்கும்போது இதையும் ஒரு வரி சேத்துக்கிடச் சொல்லு.

ஒன் வண்டி 1996-ல வந்ததாமே. டபிள்யூ 124-ன்னு அதுக்கு ஒரு பட்டப்பேரும் இருக்குன்னு பேரப்பய செல்போன்ல காட்டுனான். நல்ல வண்டிதாம்ல, அதுல நான் கொற சொல்ல மாட்டேன். பென்ஸ்காரன் காரு கம்பெனியா 1994-ல இந்தியாவுக்கு வந்து, மறுவருசம் பூனாவுல வச்சுப் பூட்டி வித்த மொத மாடல் அதுதான். ஆனா ஒரு சேதிய ஒங்கிட்ட வித்தவன் சொல்லிருக்க மாட்டான். ஜெர்மனியில இந்த வண்டிய டாக்சியா ஓட்டுனாவ. ஆமா, நம்ம தென்காசி ஸ்டாண்டுல அம்பாசடர் நின்னாப்புல அங்க இது வரிசயா நின்னுருக்கு. நீ பவுசா வந்து எறங்குத வண்டியில அந்த ஊருக்காரன் மீட்டர் போட்டு லச்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிருக்கான். இதக் கேட்டு மொகம் சுண்டாத. டாக்சிக்காரன் நம்புன வண்டிங்கதுதான் அதுக்குப் பெரும. பவுசுக்குச் செஞ்ச வண்டி பத்து வருசத்துல படுத்துரும், ஒழைக்கச் செஞ்சதுதான் முப்பது வருசம் கழிச்சும் ஒன்னமாரி ஒருத்தன் தலையில வந்து விடியும்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாறேன். 1996-ல அத வாங்குனவன் மில் மொதலாளியா இருந்திருப்பான், இல்லன்னா பெரிய டாக்டரா இருந்திருப்பான். நீ இன்னைக்கி அத ஒரு பழைய மாருதி வெலைக்கி வாங்கிட்டு, ஏதோ சந்தையில ஆள ஏமாத்திப்புட்டு வந்தவன் கணக்கா சிரிக்க. ஒண்ணு மட்டும் வெளங்கிக்கோ. வண்டி வெலதான் எறங்கிருக்கு, அதுக்குள்ள இருக்க சாமான் வெல எறங்கல. 1948-ல சட்டம் போட்டு ஜமீன ஒழிச்சான். சிவகிரி, ஊத்துமலன்னு நம்ம பக்கத்துல பேரு போன ஜமீன்லாம் இருந்துதுல்லா? நெலம் போச்சு, அதிகாரம் போச்சு. ஆனா அரமன வாசல்ல விருந்தாளி வந்து நின்னா, எலயில ரெண்டு இட்லிய வச்சு அனுப்ப முடியுமா? பந்தி பழைய பந்திதான். ஒன் வண்டியும் அதே கததான். அது இப்பமும் தன்ன மில் மொதலாளி வீட்டு வண்டின்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கு. நீ மாசச் சம்பளக்காரன்னு அதுக்கு யாரு போயிச் சொல்லுவா?

அதனால, வாங்குன வெலையில பாதிய இன்னைக்கே பேங்குல தனியாப் போட்டு வையி. கையில இல்லன்னா ஒரு வருசம் வண்டியத் தொடச்சித் தொடச்சிப் பாத்துக்கிட்டு இரு. தொடைக்கப் பெட்ரோல் வேண்டாம்லா.

பெட்ரோல்னதும் ஞாபகம் வருது. அதோட டேங்கு 70 லிட்டராம். லிட்டரு நூறத் தாண்டிக் கெடக்கு. பங்குல போயி “புல் பண்ணு”ன்னு வாயத் தொறந்தேன்னா ஏழாயிரத்துக்கு மேல சொல்லுவான். நீ அங்கன போயி 500 ரூவாய்க்குப் போடுன்னு மெதுவாச் சொல்லணும். ஊத்துற பய ஒன்னயும் பாப்பான், வண்டியவும் பாப்பான். அந்தப் பார்வைக்குப் பழகிக்கோ. அதுவும் போக, இப்ப வார பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கான். 1996-ல வண்டி செஞ்சவன் அதயெல்லாம் நெனச்சுப் பாத்து ரப்பர் போடல. பெட்ரோல் போற ஹோசு, சீலு எல்லாம் எத்தன வருசத்துச் சரக்குன்னு பாத்து, பழசா இருந்தா மொதச் செலவா அத மாத்து. எத்தனால் ஈரத்த இழுக்கும். நம்ம ஊரு ஈரத்தப் பத்தி ஒனக்கு நான் சொல்லணுமா? ஷெட்டுல போட்டுச் சேலயப் போத்தி வைக்காம வாரம் ஒருக்கா ஓட்டு. சும்மா ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வா, போதும்.

இனி ஊரு ஒன்ன என்ன செய்யும்னு சொல்லுதேன். மொத ஒரு மாசம் பாக்கவன்லாம் “எவ்வளவு குடுத்த?”ன்னுதான் கேப்பான். உள்ளதச் சொன்னேன்னா, “இவ்வளவுதானா? என்னமோ நெனச்சேன்”ம்பான். கூட்டிச் சொன்னேன்னா அன்னைக்கி ராத்திரியே கைமாத்து கேட்டு வந்து நிப்பான். அதனால, “எங்க மாமா பாத்து முடிச்சாரு, எனக்குத் தெரியாது”ன்னு சொல்லிரு. எங்கிட்ட வந்தா நான் பேசிக்கிடுதேன். எனக்குக் காதுதான் கேக்காதே.

அடுத்து அம்மன் கொட. போன வருசம் வரைக்கும் ஒன் பேருல என்ன வரி எழுதுனாவ? அது இனிமே செல்லாது. கமிட்டிக்காரன் ரசீதுப் புக்க எடுத்துட்டு வீட்டுக்கு வரும்போது வாசல்ல நிக்க வண்டியத்தான் மொதப் பாப்பான். கொட நடக்க மாசம் முழுக்க வண்டிய எங்க தொழுவுல கொண்டு வந்து போட்டுரு. மாட்டக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கிடலாம். எலிக்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்ல. எலிக்குப் பென்சு ஒயரும் அம்பாசடர் ஒயரும் ஒண்ணுதான்.

நம்ம மத்தளம்பாறையில ஜோஹோ கம்பெனி ஸ்ரீதர் வேம்பு சைக்கிள் மிதிச்சிட்டுப் போற படத்த ஊரு உலகமே பாத்துருக்கு. ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் குடுக்கவரு சைக்கிள்ள போறாரு. சம்பளம் வாங்குத நீ பென்ஸ்ல போற. ரெண்டு பேரும் நேருக்கு நேரா வந்தா யாரு வழிவிடணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

மெக்கானிக் சமாச்சாரத்துக்குத்தான் நான் இவ்வளவு நேரமும் சுத்தி வளைக்கேன். நம்ம காசி விசுவநாதர் கோயில பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டுல கட்டுனான். கட்டுனவன் எவ்வளவு பெரிய ராசா! அவன் கல்லுல என்ன வெட்டி வச்சிருக்கான் தெரியுமா? நாளப்பின்ன இந்தக் கோயிலு பழுதுபட்டா, அதச் செப்பம் பண்ணுதவன் யாரா இருந்தாலும் அவன் காலுல இப்பவே நான் விழுந்துகிடுதேன்னு எழுதி வச்சிருக்கான். கோபுரம் தீப்புடிச்சுப் பொளந்து, ரொம்ப வருசம் மொட்டையாத்தான் நின்னுது. நான் கல்யாணம் முடிச்சு மாலயோட வந்து கும்பிட்டது அந்த மொட்டக் கோபுரத்தத்தான். 1990-லதான் புதுக் கோபுரம் எழும்பிக் குடமுழுக்கு நடந்துது. அத்தன நூறு வருசத்துக்கு முந்தியே பழுதுபாக்கவன் காலப் புடிக்கணும்னு ராசாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ என்ன அவனுக்கு மேலயா? மெக்கானிக்கக் கண்டா வண்டிய விட்டு எறங்கி, “அண்ணாச்சி”ன்னு கூப்பிடு. டீ வாங்கிக் குடு. செல்போனப் பாத்துட்டுப் போயி அவனுக்குப் பாடம் மட்டும் எடுத்துராத. இன்னொரு தடவ போனேன்னா ஒன் வண்டிய நிழல்லருந்து வெயிலுக்குத் தள்ளிருவான்.

ஆனா எவன் கையிலயும் குடுத்துராத. டிராக்டர் பாக்கவன் நல்லவந்தான், சுத்தியல எடுக்குமுன்ன யோசிக்க மாட்டான். பென்ஸ் பானட்டு நேரா 90 டிகிரிக்கு நிக்குமாம்லா. சாவகாசமா உள்ள எறங்கி நின்னு வேல பாக்கட்டும்னு செஞ்சு வச்சது. மெக்கானிக்க வேல பாக்கச் சொல்லுமுன்ன அதத் தொறக்கச் சொல்லிப் பாரு. பாதியில நிறுத்திட்டுக் கம்பு தேடுதாம்னா, கும்பிட்டுட்டு வண்டியத் திருப்பிக் கொண்டு வந்துரு.

இன்னொண்ணு, ஒயரு. 90-கள்ல வந்த அந்த மாடல்ல இஞ்சினச் சுத்திப் போற ஒயருக்கு, மண்ணுல மக்கிப் போற மாரி ஒரு மேலொற போட்டுட்டான் ஜெர்மனிக்காரன். பூமிக்கு நல்லது செய்யணும்னு நெனச்சிருக்கான் பாவம். அது மண்ணுல போயி மக்கல. இஞ்சின் சூட்டுல, வண்டிக்குள்ளயே அப்பளமா நொறுங்க ஆரம்பிச்சிட்டு. ஒனக்கு முந்தி வச்சிருந்தவன் அத மாத்துனானா, பில்லு இருக்கான்னு கேளு. வாய்ல சொன்னத நம்பாத. பெயிண்டு பளபளன்னு இருக்கத விட ஒரு பழைய கோப்பு நெறய பில்லு இருந்தா அதுதாம்ல வண்டி. சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையில போயி அலசலாம், வெளிநாட்டுலருந்து தபால்ல வரவும் வைக்கலாம். டயருக்கு மட்டும் கவல இல்ல. 195/65 ஆர் 15-ங்கது இங்கயே மத்த காருக்கும் போடுத அளவு. அந்த ஒண்ணுக்காவது சாமியக் கும்பிட்டுக்கோ.

ஒன் கூட்டாளி ஒருத்தன், “அங்கிள், இவன் பழச வாங்கிட்டான், இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா புதுசாவே டெல்லியிலருந்து எடுத்திருக்கலாம்”னு எங்கிட்டயே வந்து சொல்லுதான். மாமான்னு கூப்பிட வாய் வராதவன்லாம் எனக்குப் புத்தி சொல்லுதான். டெல்லியில பத்து வருசமான டீசல் வண்டியும் பதினஞ்சு வருசமான பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ தடவ சட்டம் அங்குட்டும் இங்குட்டும் அசஞ்சிட்டு. ஆனா அந்தப் பயத்துல பெரிய பெரிய வண்டியெல்லாம் சல்லிசா தெக்க வந்துது உண்மதான். வாங்கிட்டு வந்தவன் இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்கும்போதுதான் கதையே ஆரம்பிக்கும். அங்கருந்து தடையில்லாச் சான்று வரணும், இங்க ஆயுள் வரி கட்டணும். வயசுக்குத் தக்கனக் கழிச்சாலும், வண்டி புதுசுல என்ன வெலையோ அதுலருந்துதான் கணக்கு. அம்பது லச்சத்து வண்டிய ஆறு லச்சத்துக்கு வாங்கிட்டேன்னு சிரிச்சிக்கிட்டு வந்தவன், வரிக் கணக்கப் பாத்துட்டுச் செவுத்தோரமா ஒக்காந்துருவான்.

அதுவும் போக, புதுசுன்னா தொந்தரவு கம்மின்னு எவன் சொன்னான்? ஒன் மாடலுக்கு ரெண்டு தலமொற தள்ளி 2002-ல ஒரு ஈ கிளாஸ் வந்துது. அதுல பிரேக்கே கம்ப்யூட்டர். எத்தன தடவ மிதிச்சன்னு அதுவே கணக்கு வச்சுக்கிடும். கணக்கு முடிஞ்சிட்டுன்னா போர்டுல செவப்பா எழுதிக் காட்டி, என்ன மாத்துன்னு நிக்கும். லச்சக்கணக்குல வண்டியத் திருப்பிக் கூப்பிட்டு ரிப்பேர் பாத்து, 2006-ல கம்பெனிக்காரனே அத விட்டுட்டான். மிதிக்கிறதுக்கெல்லாம் கணக்கு வைக்கது நம்ம வீட்ல ஒங்கத்த ஒருத்தி போதும். அந்த வகையில நீ பழசா வாங்குனது நல்ல காரியம். இதுக்கு ஸ்கேன் மிசினு இல்லாட்டாலும், காது உள்ள மெக்கானிக் சத்தத்த வச்சே பாதி கண்டுபுடிச்சிருவான்.

குத்தாலத்துல சீசன் வந்துட்டுன்னா ஒன் வண்டிக்குச் சோதன. ஆனி, ஆடியில சாரல் பெய்யும்போது பாரு, அந்த மாடலுக்கு முன் கண்ணாடியில ஒத்த வைப்பர்தான். நடுவுல நின்னுகிட்டுக் கைய நீட்டி, மடக்கி, 86 சதவீதக் கண்ணாடியத் தொடைக்குமாம். ஜெர்மனிக்காரன் ரொம்பப் பெருமயாச் சொல்லிருக்கான். அவன் குத்தாலத்துக் கொரங்கப் பாத்ததில்ல. மத்த வண்டில ரெண்டு இருக்கும். ஒண்ணக் கொரங்கு புடுங்கிட்டுப் போனாலும் இன்னொண்ண வச்சு வீடு வந்து சேரலாம். ஒனக்கு ஒண்ணே ஒண்ணு. அது போனா, தலைய வெளிய நீட்டித்தான் ஓட்டணும். பேரருவிப் பக்கம் நிறுத்துனேன்னா உள்ளயே ஒரு ஆள ஒக்கார வையி. ஆள் கெடைக்கலன்னா நான் வாறேன். பஜ்ஜி வாங்கித் தந்தாப் போதும். பஜ்ஜிய வெளிய காட்டிச் சாப்பிட்டா கொரங்கு உள்ளயே வந்துரும், அது எனக்குத் தெரியும்.

பார்க்கிங் பயகிட்ட சாவியக் குடுத்துராத. ஹேண்ட் பிரேக்க அந்த வண்டில காலுல வச்சிருக்கான். எடது காலால மிதிச்சாப் புடிக்கும், டேஷ்போர்டுல ஒரு குமிழ இழுத்தா விடும். அந்தப் பய அத கிளச்சுன்னு நெனச்சு மிதிச்சான்னா, ஐந்தருவி ரோட்டுல பின்னாடி வார அத்தன வண்டியும் ஒன்னப் பெத்தவளத்தான் நெனைக்கும். பழைய குத்தாலம் போற ரோட்டுல எலச்சருகு நெறய விழும். கண்ணாடிக்குக் கீழ தண்ணி போற ஓட்டையில அது போயி அடச்சா, தண்ணி உள்ள எறங்கும். உள்ள நனஞ்ச கார்ப்பெட் ஆடியில காயாது, ஐப்பசியிலயும் காயாது. கையவிட்டு வாராவாரம் அள்ளிப் போடு. எண்ணெக் குளியலு முடிச்சிட்டு வந்து அந்த சீட்டுல ஒக்காரது யாராயிருந்தாலும், ஒங்கப்பனா இருந்தாலும், கீழ எறக்கி விட்டுரு.

பேப்பரு விசயம் சட்டுன்னு சொல்லி முடிச்சிருதேன். பதினஞ்சு வருசம், அப்புறம் அஞ்சஞ்சு வருசம்னு பாத்தா ஒன் 1996 வண்டிக்கு 2026-ல ஆர்.சி. புதுப்பிக்கணும். இருபது வருசம் தாண்டுன காருக்கு 5,000 ரூவாயா இருந்த கட்டணத்த 2025 ஆகஸ்டுல 10,000 ஆக்கிட்டான். பசும வரி தனி. இன்சூரன்ஸ்ல வண்டி மதிப்பக் கம்மியாத்தான் போடுவான். ரிப்பேர்ச் செலவு அந்த மதிப்புல முக்கால் பங்கத் தாண்டிட்டா, வண்டியே போச்சுன்னு எழுதிருவான். ஒன் வண்டில ஒரு கதவும் ஒரு லைட்டும் ஒடஞ்சாலே அந்தக் கணக்கு வந்துரும். அதனால மெட்ரோ பஸ்சுக்காரன மாரி ஓட்டாம, பைய ஓட்டு.

பூச இன்னும் போடலல்லா? இலஞ்சிக் குமாரரும் இருக்காரு, ஆனா நீ பண்பொழி திருமலைக்கோயிலுக்கு வா. மலைக்கு மேல இப்ப காரு போற ரோடு இருக்கு. சாமி கும்பிட்டாப்புலயும் ஆச்சு, அந்த ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு எங்கன நிக்குன்னு பாத்தாப்புலயும் ஆச்சு. முள்ளு நடுவுல நின்னா முருகன் ஒம்பக்கம். மேல ஏறிச்சுன்னா இஞ்சின நிறுத்திட்டு, எறங்கி நடந்து போயிக் கும்பிடு. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டோட தொறந்துராத. மொட்ட போட்டுட்டு வார பக்தனுக்கு வெந்நி அபிசேகம் பண்ணிராத.

அப்புறம், தை மாசம் புனலூர்ல ஒங்கத்த வழியில ஒரு கல்யாணம் வருது. மத்தவன்லாம் வேன்ல வாறானாம். நானும் ஒங்கத்தயும் ஒன் வண்டில வாறோம். புளியரையத் தாண்டி எஸ் வளைவுல ஏறும்போது ஒங்கத்தைக்கு வாந்தி வரும், அவள முன் சீட்டுல வச்சிரு. பின்னாடி எடது பக்கம் எனக்கு. போற வழியில பிரானூர் பார்டர்ல பரோட்டா கடைக்கு நேர் எதுக்க நிறுத்தி, கண்ணாடிய முழுக்க எறக்கி விடணும். பெட்ரோலுக்கு நான் துட்டு தந்தா ஒனக்கு மரியாத கொறச்சலாப் போயிரும், அதனால தர மாட்டேன். வேன்ல வார ஒங்க சித்தப்பங்கிட்ட, நல்ல தடியாப் பாத்து ஒரு தேங்கா நாருக் கயித்த எடுத்துப் போட்டுக்கிடச் சொல்லிட்டேன். எதுக்குன்னு கேட்டான். பந்தல் கட்டன்னு சொல்லிருக்கேன்.